வாதாபியில் ஓர் ஓய்வு நாள்

நெடுந்தொலைவு சைக்கிள் பயணம் செல்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆறேழு நாட்கள் தொடர்ந்து மிதித்தபின் ஒரு நாள் வண்டியைத் தொடக் கூடாது. தசைகளில் அன்றாடம் ஏற்படும் நுண்ணிய கிழிசல்கள் ஆறுவதற்கும், உடம்பில் தீர்ந்துபோன மாவுச்சத்துச் சேமிப்பு மீண்டும் நிரம்புவதற்கும் அந்த ஒரு நாள் தேவை என்பார்கள். விளக்கம் எதுவாயினும், ஓய்வு நாளின் காலையில் கால்கள் கருங்கல்லாய்க் கனக்கும் என்பது அனுபவம். மிதிக்கிற நாட்களில் வலிக்காத இடமெல்லாம் அன்றைக்குத்தான் வலிக்கும். அதைவிடச் சங்கடம், என்ன செய்வதென்று தெரியாமல் கை கால்கள் பரபரப்பதுதான். ஆகவே ஓய்வு நாள் என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லோரும் ஊர் சுற்றப் போய்விடுகிறோம்.

கடந்த டிசம்பரில், பருவத்தேர்வு விடுமுறையில், நானும் எங்கள் கல்லூரியின் கணிதத் துறை நண்பரும் காஞ்சிபுரத்திலிருந்து எல்லோராவுக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். இலக்கு என்னுடையது, கிலோமீட்டர்க் கணக்கு, விடுதிச் செலவு, மாற்று ட்யூப் எத்தனை என்பதெல்லாம் அவருடையது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயில், பட்டடக்கல்லின் விரூபாட்சர் கோயில், எல்லோராவில் மலையைக் குடைந்தெடுத்த கயிலாசம் ஆகிய மூன்றும் ஒரே மரபின் தொடர்ச்சி என்பது கலை வரலாற்றாசிரியர் பலர் ஏற்றுக்கொண்ட செய்தி. முதலாவதைப் பார்த்து இரண்டாவது. இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது. வகுப்பில் ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துபோகும் இத்தொடர்பை, சிற்பிகள் நடந்திருக்கக்கூடிய வேகத்துக்குக் கொஞ்சமேனும் அருகில் வருகிற வேகத்தில், சாலைவழியே சென்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வேலூர், சித்தூர், மதனப்பள்ளி, கதிரி, அனந்தபூர், பல்லாரி, ஹொசபேட்டை, கஜேந்திரகட் என்று எட்டு நாட்கள். அறுநூற்றறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹம்பியை எட்டிப் பார்க்காமலே கடந்தோம் என்று சொன்னால் நண்பர்கள் வைவார்கள். ஹம்பியில் நுழைந்தால் நான்கு நாட்களுக்கு வெளியே வர முடியாது என்பதுதான் எங்கள் தரப்பு வாதம். எட்டாம் நாள் பிற்பகலில் செந்நிறப் பாறைகள் எழுந்து நிற்கும் பாதாமிக்கு வந்து சேர்ந்தோம். பழைய வாதாபி அதுதான்.

மறுநாள் காலை விடுதியின் மாடிப்படியில் நண்பர் பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடியைப் பற்றியபடி, ஒவ்வொரு படியாக இறங்குவதைக் கீழிருந்து பார்த்தேன்.

"என்ன சார், முட்டியா?"

"ஒண்ணுமில்ல புலவரே. காலையில கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கு. நடந்தாச் சரியாயிடும்."

அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை சார் என்பதும் அவர் என்னைப் புலவரே என்பதும் ஆசிரியர் ஓய்வறையில் இருபதாண்டுகளாக உள்ள வழக்கம். புறப்படும் முந்தைய நாள் அவருடைய மனைவி என்னைத் தனியே அழைத்து, "வலிச்சாலும் வாயைத் திறக்கமாட்டார் தம்பி. நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் என் கைப்பையில் ஒரு கூடுதல் சுமையாகவே எட்டு நாளும் வந்தது. கஜேந்திரகட்டுக்கு முந்திய ஏற்றங்களில் அவர் இருக்கையிலிருந்து எழுந்து எழுந்து மிதித்ததை நான் கவனித்திருந்தேன்.

சிற்றுண்டிக்குப் பிறகு முதல் வேலையாக அவர் வண்டியைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தோம். பல்லாரியின் நெரிசலில் கால் ஊன்ற வசதியாக இருக்கட்டுமென்று அவர் சீட்டை இறக்கியிருக்கிறார். அதை மீண்டும் உயர்த்தவே இல்லை. சீட் தாழ்ந்தால் முழங்கால் தேவைக்கு மேல் மடங்கும். அழுத்தமெல்லாம் முட்டிச்சில்லின் முன்பக்கம் ஏறும். வலியும் சரியாக அங்கேதான். (முட்டியின் பின்புறம் வலித்தால் சீட் அதிக உயரம் என்று பொருள், இந்தச் சிறு குறிப்பு பயணம் போகிறவர்களுக்கு உதவும்.) குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் ஏறத்தாழ நேராக நீளும் அளவுக்குச் சீட்டை உயர்த்தி முடுக்கினோம். காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் வீங்கிய முட்டிக்குக் காரணம் தெரிந்து என்ன பயன்? எல்லோராவுக்கு இன்னும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கல்லூரி திறக்கும் நாளும் மாறாது. அதைப் பற்றி இருவருமே பேசவில்லை. "குகையெல்லாம் எத்தனை மணிக்குத் திறக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

தமிழ் வாசகருக்கு வாதாபி என்பது ஓர் ஊராக அறிமுகமாவதில்லை. கதையாகத்தான் அறிமுகமாகிறது. முதலில் அகத்தியர் கதை: விருந்தாளியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் அரக்கனை முனிவர் செரித்துவிடுகிறார். பாலூட்டிய குழந்தையின் வயிற்றைத் தடவி அவன் பெயரைச் சொல்லுகிற பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு தீட்சிதரின் ஹம்சத்வனிக் கீர்த்தனை. அப்புறம், கல்கி 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய 'சிவகாமியின் சபதம்'. என் தலைமுறையில் பாதிப்பேர் தமிழ் எம்.ஏ. படிக்க வந்ததே அந்த நாவலின் கைங்கர்யம் என்பேன். இத்தனைக்கும் அடியில் பெரிய புராணம். சிறுத்தொண்டர், நாயனாராகும் முன்பு பல்லவ மன்னனுக்காகப் படைநடத்தி வடக்கே வாதாபி சென்றதையும், அந்தப் பழைய நகரைத் தூளாக்கிப் பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்ததையும் சேக்கிழார் ஒரு பாடலளவில் சொல்லிமுடித்துவிடுகிறார். பிள்ளைக்கறிப் படலத்துக்கு அவர் கொடுத்திருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் போர் அவருக்கு ஒரு முன்கதை அவ்வளவே. மகாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியது கி.பி. 642-இல். ஊருக்குள் ஒரு கோயிலின் பின்புறப் பாறையில் அவன் வெற்றியைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு, பெரும்பகுதி சிதைந்து, இன்னமும் இருக்கிறது.

குடைவரைகளுக்குப் படியேற வேண்டும். நண்பர் முதல் குகைவரை வந்து, பதினெட்டுக் கைகளோடு ஆடும் சிவனின் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கைகளோட கோணத்தை எண்ணிக்கிட்டிருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அவர் பையிலிருந்த வாழைப்பழத்தின்மேல் குரங்குகளுக்கும் ஒரு கண் இருந்தது. நான் மட்டும் மேலே போனேன். இரண்டாவது குகையை விரைவாகவே கடந்தேன். நான்காவது சமணக் குகை. பெரியது மூன்றாவதுதான். ஆதிசேடன்மேல் அமர்ந்த திருமால், திரிவிக்கிரமன், நரசிம்மன் என்று ஆளுயரத்துக்கும் மேற்பட்ட சிற்பங்கள்; தூண்களின் தாங்கு பலகைகளில் மரத்தடியில் சாய்ந்து நிற்கும் இணைகள். அங்கிருக்கும் மங்களேசனின் கல்வெட்டு சக ஆண்டு 500 என்று காலத்தைத் தெளிவாகக் குறிக்கிறது, கி.பி. 578.

அந்த எண்ணில்தான் நான் நின்றுவிட்டேன். 578 என்றால் பல்லவப் படை வருவதற்கு அறுபத்துநான்கு ஆண்டுகள் முன்பு. அதாவது, பரஞ்சோதியின் வீரர்கள் இந்த ஊருக்குள் நுழைந்தபோது இச்சிற்பங்கள் இதே இடத்தில் நின்றிருக்கின்றன. திரிவிக்கிரமனின் தூக்கிய கால் முறியவில்லை. தூளாகியது எது? மரமும் செங்கல்லுமாக இருந்திருக்கக்கூடிய அரண்மனை, வீடுகள், களஞ்சியங்கள், அவற்றில் வாழ்ந்தவர்கள். சளுக்கியர் தலைநகரை மீட்க ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. எனவே அடி சிறியதன்று. ஆயினும் சேக்கிழாரின் சொல்லுக்கும் அந்தப் பாறைக்கும் நடுவே நின்றுகொண்டு நெடுநேரம் கீழே ஏரியைப் பார்த்தேன். அகத்தியர் தீர்த்தம் என்று பெயர். படித்துறையில் பெண்கள் துணி அடித்துத் துவைக்கும் ஓசை பாறையில் மோதி இரட்டிப்பாகக் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு எதிரடி.

மதியம் ஒரு வீட்டை ஒட்டிய சிறு உணவகத்தில் சோள ரொட்டி. கையால் தட்டிச் சுட்டது. எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய், நிலக்கடலைப் பொடி, தயிர். ஓய்வு நாளில் பசி அடங்கவே அடங்காது. நண்பர் நான்கு ரொட்டி, நான் ஐந்து. பரிமாறிய மூதாட்டி எங்கள் கறுத்த கைகளையும் கையுறை மறைத்திருந்த வெளுத்த பட்டையையும் பார்த்துவிட்டு எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். காஞ்சி என்றேன். "காஞ்சீ?" என்று முகம் மலர்ந்தவர், தம் முந்தானையை எடுத்து விரித்துக் காட்டினார். சிவப்பு முந்தானையில் வெள்ளைக் கோபுர வரிசை; இல்க்கல் சேலை. அது எங்கள் ஊர், உங்கள் ஊர்ப் பட்டு எனக்குத் தெரியும் என்பது அதன் பொருள். பேத்தியின் கல்யாணத்துக்குக் காஞ்சிப் பட்டு என்ன விலையாகும் என்று அவர் கேட்டதற்கு, நெசவாளர் தெருவில் குடியிருக்கும் நண்பர்தான் பதில் சொன்னார். ஜரிகையில் எப்படி ஏமாற்றுவார்கள் என்பதையும் தமிழும் சைகையுமாக விளக்கினார். மகாமல்லனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்து பட்டடக்கல் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சைக்கிளில் போகிற தூரம்தான் என்று என் கால் சொன்னது. நண்பரின் முட்டியை முன்னிட்டு அரசுப் பேருந்தில் ஏறினோம். எட்டு நாட்களுக்குப் பிறகு சன்னலோரத்தில் உட்கார்ந்து ஊர்களைக் கடப்பது ஏதோ ஏமாற்று வேலை செய்வதுபோல் இருந்தது. ஏற்றமா இறக்கமா என்றுகூடத் தெரியவில்லை. ஐகொளே இன்னும் சற்றுத் தொலைவுதான். அங்குள்ள மேகுடிக் கோயிலில் இரவிகீர்த்தி 634-இல் பொறித்த புலிகேசி புகழ்ச்சியைப் பார்க்க எனக்கு ஆசை. அதற்கும் ஒரு குன்று ஏற வேண்டும் என்பதால் நானே அதைக் கைவிட்டேன்.

பட்டடக்கல்லில் மலப்பிரபை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. ஆற்றங்கரையில் ஒரே வளாகத்துக்குள் வடநாட்டுச் சிகரமும் தென்னாட்டு விமானமும் அண்டை வீட்டுக்காரர்கள்போல நிற்கின்றன. 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நான் வந்தது விரூபாட்சருக்காக. உள்ளே நுழைந்து நந்தி மண்டபத்தைக் கடந்து, சுற்றுமதிலோரச் சிறு சன்னதிகளையும் அடுக்கடுக்காய் எழும் விமானத்தையும் பார்த்ததும் நண்பர், "புலவரே, இது நம்ம ஊர்க் கோயில் மாதிரி இல்ல இருக்கு" என்றார். காஞ்சியில் பிறந்து வளர்ந்தவர். கயிலாசநாதர் கோயில் புல்வெளியில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தவர். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவருடைய கண் கண்டுபிடித்துவிட்டது.

பிறகு அமரச் செய்து கதையைச் சொன்னேன். நரசிம்மவர்மன் வாதாபியை வென்றதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். நகருக்குள் நுழைந்தவன் இராசசிம்மன் கட்டிய கயிலாசநாதர் கோயிலைப் பார்த்தான். அதன் செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு காஞ்சியில் அக்கோயிலின் முன்மண்டபத் தூணொன்றில் இருக்கிறது. "நம்ம ஊர்லயா? கன்னடத்துலயா?" என்று நண்பர் நிமிர்ந்தார். அவ்வெற்றிகளின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி எழுப்பியதுதான் நாங்கள் உட்கார்ந்திருந்த இந்தக் கோயில். கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் குண்டன். அநிவாரிதாசாரி, திரிபுவனாசாரி என்ற பட்டங்களோடு கல்லில் நிற்கிறான். தென்திசைச் சூத்திரதாரி என்ற அடைமொழியோடு சர்வசித்தி ஆசாரி என்ற இன்னொருவனும் இருக்கிறான். அந்தத் தென்திசை காஞ்சிதான் என்று அடித்துச் சொல்ல அச்சொல் இடங்கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அந்தச் சளுக்கியரை வீழ்த்தியவர்கள் இராட்டிரகூடர். அவர்களில் முதலாம் கிருஷ்ணன் எல்லோராவில் கயிலாசத்தைக் குடைந்தபோது கண்முன் வைத்துக்கொண்டது இந்த விரூபாட்சரை.

நண்பர் சற்று யோசித்தார். "அப்ப ஒவ்வொரு தடவையும் ஜெயிச்சவன் தோத்தவனோட கோயிலைக் கட்டியிருக்கான்" என்றார். கணிதக்காரர்கள் இப்படித்தான். நான் இரண்டு வகுப்பு எடுத்துக்கொள்வதை அவர்கள் ஒரு வரியாக்கிவிடுகிறார்கள்.

அப்போதுதான் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கர்நாடகத்தில் டிசம்பர் பள்ளிச் சுற்றுலாக் காலம். எழுபது எண்பது பிள்ளைகள், நீலச் சீருடை, கையில் தண்ணீர்ப் புட்டி. ஆசிரியர் ஒருவர் நந்தியின் அருகே நின்று உரத்த குரலில் விளக்கினார். என் கன்னடம் அரைகுறை. ஆனால் 'காஞ்சி' என்ற சொல்லும் 'மூரு சல' என்பதும் தெளிவாகக் காதில் விழுந்தன. மூன்று முறை. நம் மன்னர் காஞ்சியை மூன்று முறை வென்றார் என்கிறார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் குரல் எனக்கு மிகப் பழக்கமானதாக இருந்தது. வாதாபி கொண்டான் என்று சொல்லும்போது முதலாண்டு வகுப்பில் நான் ஒரு கணம் நிறுத்துவேன். அவரும் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார்.

"நம்மளத்தான் அடிச்சிருக்காங்க" என்றார் நண்பர், என் காதருகே.

பேச்சு எப்படியோ தொடங்கிவிட்டது. நாங்கள் காஞ்சியிலிருந்து சைக்கிளில் வருகிறோம் என்று அறிந்ததும் அந்த ஆசிரியர் எங்களை நந்திக்கு முன்னால் நிறுத்திப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைத்தார். மீண்டும் கைதட்டல், முன்னதைவிடப் பலமாக. ஒரு பையன் கையை உயர்த்தி ஏதோ கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்காமல் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: காஞ்சி இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறான்.

வாதாபி இப்ப எங்க சார் இருக்கு என்று என்னிடம் கேட்ட மாணவர்களை நினைத்துக்கொண்டேன். இருக்கிறது என்றேன். இதே மாதிரி ஒரு கோயில் இருக்கிறது. அங்கே ஒரு தூணில் உங்கள் எழுத்தில் உங்கள் மன்னர் பெயர் இருக்கிறது. வந்தால் நான் காட்டுகிறேன் என்றேன். ஆசிரியர் மொழிபெயர்க்கையில் கடைசிப் பகுதி என்னுடையதைவிட நீளமாக இருந்தது. அந்தப் பையன் எத்தனை கிலோமீட்டர் என்று அடுத்த கேள்வி கேட்டான். அதற்கு நண்பர் தசமப்புள்ளி வரைக்கும் பதில் சொன்னார்.

பிள்ளைகள் போனபின் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தோம். பாபநாதர் கோயில் வரை போக முடியவில்லை. பாதி வழியில் அவர் ஒரு மேடையில் உட்கார்ந்து காலை நீட்டினார். முட்டியின் முன்புறம் சற்று மினுமினுப்பாக வீங்கியிருந்தது.

"புலவரே, நான் ரயில்ல விஜயபுரம் போயிடறேன். நீங்க மிதிச்சு வாங்க."

காலையிலிருந்து நான் சொல்ல வாயெடுத்து விழுங்கிய வாக்கியம் வேறு. திரும்பிவிடலாம் சார் என்று சொல்ல வேண்டும் என்பது ஒரு பக்கம். அவர் ஒத்துக்கொண்டால் எல்லோரா போய்விடுமே என்ற தவிப்பு மறுபக்கம். அவர் இரண்டையும் கடந்து மூன்றாவதை வைத்தார். "நீங்க இல்லாம..." என்று ஆரம்பித்தேன். "நான் இல்லாம நீங்க எண்பது கிலோமீட்டர்ல மூணு தடவை டீ குடிப்பீங்க, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். விஜயபுரத்தில் மருத்துவரிடம் காட்டுவது, இரண்டு நாள் முட்டியை மடக்காமல் இருப்பது, அதன்பிறகு மிதிக்கலாமா, சோலாப்பூருக்கும் ரயிலா, வீட்டுக்கா என்று முடிவுசெய்வது. மருத்துவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று நான் நிபந்தனை போட்டேன். எழுதித் தரவா என்று கேட்டார்.

அன்றிரவு விடுதி அறையில் பைகளைப் பிரித்து மீண்டும் கட்டினோம். பம்ப், ஸ்பானர், செயின் எண்ணெய், மூன்று ட்யூப் என் பக்கம் வந்தன. அவருடைய கணக்கு நோட்டும் வந்தது. ஒவ்வொரு நாளின் தூரமும் செலவும் சிறிய, சீரான எழுத்தில். ஒன்பதாம் நாள் என்று எழுதி எதிரே சுழியம் போட்டிருந்தார். விஜயபுரம் வரைக்கும் எந்த ஊரில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் குறித்திருந்தார். சைக்கிளை ரயிலில் கார்டு பெட்டியில் ஏற்றிவிடலாம் என்று விடுதிக்காரர் உறுதி சொன்னார். ரயில் நிலையம் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவின் மேலே கட்டிக்கொண்டு போக ஏற்பாடு.

பிறகு அவர் வீட்டுக்குப் போன் செய்தார். ஈரத்துண்டை முட்டியில் சுற்றி, காலைத் தலையணைமேல் நீட்டியிருந்தார். "ஆமா, முட்டிதான்... இல்ல, அவர்தான் கண்டுபிடிச்சார்... ரயில்ல போறேன்னு சொல்றேன்ல... அவரா? அவர் தனியா வருவார்" என்றவர், போனை என்னிடம் நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து பின்சக்கரத்துக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. வீக்கம் எவ்வளவு இருக்கு?"

எலுமிச்சம்பழ அளவு அக்கா என்றேன். நண்பர் கட்டிலிலிருந்து, பாதி எலுமிச்சை என்று திருத்தினார்.